ஆடி அமாவாசையும் அத்தையின் காரும்

நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் முழுக்க முழங்கால் பேச்சுதான். ஒருத்தி எக்ஸ்ரே படம் போட்டாள். ஒருவன் தைலத்தின் பெயர் கேட்டான். அமெரிக்காவில் இருப்பவன் தினமும் நடக்கச் சொல்லி அறிவுரை அனுப்பினான்; சின்ன வயதில் தெருமுனைக்கு நடக்கவே அழுதவன் அவன். எனக்கும் போன மாதம் டாக்டர் அதையேதான் சொன்னார்: "எலும்பு நல்லாத்தான் இருக்குங்க, நடுவுல இருக்கற ஜவ்வுதான் தேஞ்சிருக்கு." நான் சிரித்துவிட்டேன். அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். இரண்டு இரும்புக்கு நடுவே இருக்கிற ரப்பர் தேய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நாலாம் வகுப்பிலேயே தெரியும். உங்களுக்கும் தெரியும், மறந்துபோய்விட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நடுவில் யாரும் தைலத்தைக் கொண்டுவர வேண்டாம்.

என் அத்தையை உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி வேலூர் போனவள், சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் வாயில் ஏதாவது தின்பண்டத்தைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டில் வாடகைக் கார் ஓட்டினார்கள். அங்கிருந்து அத்தை கொண்டுவந்த ஒரே நல்ல விஷயம், அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது. ஒரு பஞ்சாயத்துக்குப் பிறகு நகைகள் திரும்பி வந்தன. அப்பா அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். அத்தை விற்று, பழைய கார் ஒன்று வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

க்ரீம் நிறம். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒரு கதவில் கிடையாது. அதற்குப் பதில் ஒரு ஸ்பேனர் இருக்கும். உள்ளே பெட்ரோலும் நனைந்த கயிற்றுப் பாயும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கு என் பிள்ளையின் புதுக் காரில் ஏறினால் ஏதோ பழ வாசனை அடிக்கிறது, தலை வலிக்கிறது. அந்தப் பழைய வாசனையை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் என்ன விலையானாலும் வாங்கிக்கொள்வேன்.

நம் தெருவில் கார் வைத்திருப்பது சாதாரணமா? விடிகாலையில் தெருவை அடைத்து, தறியில் ஏற்றும் நீள இழைகளை விரித்துப் பாவு போடுவார்கள். அந்த நேரத்தில் கார் அரை அடி நகர்ந்தாலும் இழை அறும், நாலு வீட்டுச் சண்டை வரும். "பட்டு நெய்யற ஊட்டுக்கு காரு எதுக்கு?" என்று வருவோர் போவோர் எல்லாம் கேட்டார்கள். எதற்கென்றால், அத்தை முதலாளியிடம் பட்டு வாங்கிக் கூலிக்கு நெய்வதை விட்டுவிட்டு, தானே பட்டு வாங்கி நெய்து, கல்யாண வீடுகளுக்கு நேரில் கொண்டுபோய் விற்கத் தீர்மானித்திருந்தாள். தேசூரில் ஒரு கல்யாண வீடு சேலைகளை எடுத்துவரச் சொல்லியிருந்தது. ஆடி கழிந்ததும் முதல் வெள்ளிக்கிழமை. அதுதான் அவளுடைய முதல் வியாபாரம்.

ஆடி பிறந்ததும் கார் தட்ட ஆரம்பித்தது. பள்ளம் கண்டால் டொக். வேகத்தடை கண்டால் டொக், டொக். பாலத்தில் போனால் யாரோ அடியில் உட்கார்ந்து சுத்தியலால் அடிப்பது போல ஒரு வரிசை.

அப்பாவுக்குச் சாக்கு கிடைத்துவிட்டது.

"ஒரு மாசம் டைம் தரேன்," என்றார். "ஆடி முடியறதுக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கல, போளூர் புரோக்கர்கிட்ட குடுத்துடறது. வழியில நின்னு போச்சுன்னா பட்டு மூட்டையோட நடுரோட்டுல நிப்பியா?"

அத்தை சரி என்றாள். என்ன செய்வது, வீடு அண்ணனுடையது.

மெக்கானிக் பாய் நல்ல மனிதர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூரை போட்ட ஷெட். வண்டியின் முன்மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வண்டி ஒருமுறை எழும்பி அப்படியே நின்றது. "ஷாக் அப்சர்பர் நல்லா கீதுக்கா," என்றார். "போயிருந்தா இது குதிரை மாதிரி ஆடிகினே இருக்கும். வேற எங்கியோ கீது."

அப்பா விடவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்து தீர்ப்புச் சொன்னார்: "இடது பக்கம். ஷாக்குதான். நான் பொறந்ததுலேர்ந்து தறிச் சத்தம் கேக்கறவன். என் காது பொய் சொல்லாது."

காது பொய் சொல்லவில்லைதான். இப்போது யோசித்தால் விஷயம் வேறு. அப்பா தறியில் உட்கார்ந்தால் அவருக்கு இடது பக்கம் சித்தப்பாவின் தறி, அதற்கும் இடது பக்கம் பக்கத்து வீட்டுத் தறி. வலது பக்கம் சுவர். ஆயுசு முழுக்க அவருக்கு எல்லாச் சத்தமும் இடது பக்கத்திலிருந்துதான் வந்தது. காரில் மட்டும் மாறிவிடுமா என்ன?

பெரியவர் சொல்கிறார் என்று பாய் தலையாட்டினார். புதுசு வாங்கக் கட்டாது. வேலூர்ப் பழைய இரும்புக் கடையில் தேடி, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இடது ஷாக் ஒன்று வந்தது. மாட்டினார்கள். சத்தம் போகவில்லை, இன்னும் கூடியது. கழற்றிய பழைய ஷாக்கை எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். நல்ல பொருள், பல வருஷம் அசையாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீடு இடித்துக் கட்டியபோது எங்கே போனதென்று தெரியவில்லை.

அத்தை தினமும் சாயங்காலம் தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டித் தலையை வெளியே நீட்டிக் கேட்பாள். என்ன கேட்கும்? இரண்டு பக்கமும் தறிச் சத்தம். டொக் என்பது காரா, யார் வீட்டுத் தறியிலோ ஓடுகிற நாடாவா என்று பிரிக்கவே முடியாது. சரி என்று பாய் ஷெட்டுக்குப் போனால் அதற்கு ஒட்டினாற்போல விசைத்தறிக் கூடம். அங்கே மனிதர்கள் பேசுவதே வாயசைவில்தான். ஊரை விட்டு வெளியே எடுத்துக்கொண்டு போனால் காற்றும் லாரியும். பாய் அவருக்குத் தோன்றிய நட்டையெல்லாம் முறுக்கிப் பார்த்தார். "பேஜாரா கீதுக்கா," என்று கடைசியில் கையைத் துடைத்தார். "கீழ எல்லாத்தையும் மாத்தினா நிச்சயமா நின்னுடும்." எல்லாவற்றையும் மாற்றுவதென்றால் தறியை விற்க வேண்டும். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் தட்டி, ஆடி கழிந்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான், ஆடி முடிய சில நாளே இருக்க, ஆடி அமாவாசை வந்தது.

அமாவாசை என்றால் நம் ஊரில் தறி ஓடாது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஏதோ கதை என்பார்கள். அன்றைக்குத் தெருவே வேறு தெரு. குழாயில் தண்ணீர் விழுவது கேட்கும். நாலு வீடு தள்ளி வடை சட்டியில் விழுவது கேட்கும். படையல் முடிந்து காக்காய்க்கு வைக்கும்வரை நமக்கு ஒன்றும் தரமாட்டார்கள். ஆகவே நாம் எல்லோரும் வெறும் வயிறும் கெட்ட எண்ணமுமாகத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்பா தர்ப்பணம் கொடுக்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்.

அத்தை வண்டியை நிழலுக்கு நகர்த்த எடுத்தாள். நாம் விடுவோமா? கதவைத் திறந்து திபுதிபுவென்று ஏறினோம். இன்றைக்கு வக்கீலாக இருப்பவன் டிக்கியில். பேங்க் மேனேஜரம்மா இரண்டு பேர் மடியில், கால் ஜன்னலுக்கு வெளியே. எக்ஸ்ரே போட்டவள் முன்சீட்டுக்குக் கீழே. வண்டி நகர்ந்து சாக்கடைப் பலகையில் ஏறி இறங்கியது.

டொக்.

ஊரே அடங்கியிருந்ததில் அந்தச் சத்தம் தனியாக, சுத்தமாக விழுந்தது. அத்தை பிரேக்கை மிதித்தாள். "எல்லாரும் எறங்குங்க," என்றாள். திட்டப்போகிறாள் என்று இறங்கினோம். பின்னால் எடுத்து, மறுபடி அதே பலகையில் ஏற்றினாள். ஒன்றுமில்லை. "ஏறுங்க." ஏறினோம். டொக். "எறங்குங்க." சத்தமில்லை.

அத்தை ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த வேகத்துக்குப் பாரம் ஏறினாத்தான் தட்டுது. இடது பக்கம் இல்லடி. வலது பக்கம், நடுவுல, தாழ." அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "எவனும் எறங்கக் கூடாது. ஷெட்டுக்குப் போறோம். ஜல்தி!"

விசைத்தறிக் கூடமும் அன்றைக்குப் பூட்டியிருந்தது. பாய் மட்டும் கடை திறந்து வைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காரிலிருந்து ஒரு தெருவே இறங்குவதைப் பார்த்து டீயைக் கீழே வைத்தார். அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வண்டியை ஷெட்டுக் குழிக்கு மேல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். குழி கழுத்தளவு ஆழம், அடியில் எண்ணெய்ச் சேறு. அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"அக்கா, அக்கா! பொம்பளைங்க குழியில எறங்கறதா?"

"நாள் பூரா குழித்தறியிலதான் கால வச்சிகினு உக்காந்துகினு கீறேன். குழி எனக்குப் புதுசா பாய்? நீங்க மேல நின்னு பேரு மட்டும் சொல்லுங்க."

அதன் பிறகு நடந்தது நம் வாழ்க்கையிலேயே பெரியவர்கள் அனுமதித்த மிகப் பெரிய அட்டகாசம். நாம் காருக்குள் உட்கார்ந்தபடியே குதிக்க வேண்டும். அடியில் அத்தை ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்ப்பாள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே தொய்ந்த ஒன்றைத் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள். பாய் மேலேயிருந்து பெயர் சொல்வார்.

"பால் ஜாயின்ட்டு!" குதித்தோம். "இல்ல," என்று கீழிருந்து குரல் வந்தது.

"லோயர் ஆர்ம் புஷ்ஷு!" குதித்தோம். "இதுவும் இல்ல."

"ஷாக்குக்கு அடி நட்டு!" "இல்ல பாய். குதிங்கடா, சோத்துக்கு இல்லாதவனுங்க மாதிரி குதிக்கிறீங்க!" சோற்றுக்கு இல்லாதவர்கள்தானே அப்போது நாம்.

இரண்டு முன்சக்கரத்தையும் குறுக்கே இணைத்துக்கொண்டு ஒரு வளைந்த இரும்புக் கம்பி போகும். அதை வண்டியின் உடம்போடு பிடித்து வைப்பது இரண்டு ரப்பர் கட்டைகள். அத்தையின் கை வலது பக்க ரப்பருக்கு வந்தது. நாம் குதித்தோம்.

"பாய்! என் கைய தட்டுது! இதுதான்! இதுதான்!"

அத்தை குழிக்குள்ளிருந்து கத்தினாள், நாம் மேலிருந்து கத்தினோம், பாய் "யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூச்சலில்தான் அப்பா வந்து சேர்ந்தார். ஈரவேட்டி, நெற்றி நிறைய விபூதி. தங்கச்சியும் மகளும் தெருப் பிள்ளைகளும் கூட்டமாகக் காரில் போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா கூத்து இது? அமாவாசை அதுவுமா குழியில எறங்கிகினு!"

"அண்ணா, காதால கேக்காத. எறங்கி வந்து கைய வை."

அப்பா பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈர உடம்போடு அந்த எண்ணெய்ச் சேற்றில் இறங்கினார். நாம் குதித்தோம், மரியாதையாக. "இன்னொரு வாட்டி," என்றது அப்பாவின் குரல். குதித்தோம். "ம்," என்றார்.

பாய் அந்த ரப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. ஓரத்தில் கிழிசல். "தேஞ்சது பழசு. கிழிஞ்சது என் தப்பு," என்றார். "ஷாக் மாத்தும்போது கம்பிய ரெண்டு பக்கமும் தளத்திட்டு, சக்கரம் தொங்கிகினு இருக்க, அப்படியே இத முறுக்கிட்டேன். வண்டி எறங்கினதும் ரப்பர் திருகிகினு கிழிஞ்சிருக்கு. பாரத்தோட நிக்கும்போது முறுக்கணும்." பழையது ஒன்று தேடித் தரட்டுமா என்று கேட்டார். "இரும்பு பழசா இருக்கலாம் பாய், ரப்பர் புதுசுதான்," என்று அத்தை சொல்லிவிட்டாள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போகிற செலவுதான். இத்தனை நாள் அழுதது அதற்குத்தான்.

ஆனால் மறுநாள் தறிகள் ஓட ஆரம்பித்துவிடும். மாட்டினாலும் சத்தம் நின்றதா இல்லையா என்று கேட்க முடியாது. அத்தையும் நானும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வீட்டுக்கே ஓடினோம். அவர் இலை முன் உட்கார்ந்திருந்தார். அத்தையின் கோலத்தைப் பார்த்தார். முழங்கைவரை கரி, புடவையெல்லாம் எண்ணெய். "யாருக்கு இன்னா ஆச்சும்மா?" என்று பதறி எழுந்தார். காருக்குத்தான் என்றதும் அவர் சம்சாரம் திட்டிய திட்டு இங்கே வேண்டாம். ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

புது ரப்பர் போட்டாகிவிட்டது. நட்டை முறுக்கும் முன் பாய் கையைத் தூக்கினார். "பசங்களா, ஏறுங்க. குதிக்கக் கூடாது. பொம்மை மாதிரி உக்காருங்க." குதிக்கச் சொன்னபோது சுலபமாக இருந்தது, அசையாமல் இருப்பதுதான் பெரும்பாடு. டிக்கியில் இருந்த வக்கீலுக்குத் தும்மல் வந்து, இரண்டு பேர் மூக்கைப் பிடித்தார்கள். நம் பாரத்தில் வண்டி தாழ்ந்து நிற்க, பாய் ஒவ்வொரு நட்டாக முறுக்கினார்.

திரும்பி நம் தெருவுக்கு வந்தோம். அப்பா சாக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதை வைத்துக்கொண்டார். வண்டி ஏறியது, இறங்கியது. காக்காய் கத்தியது மட்டும்தான் கேட்டது. அத்தை மறுபடி ஏற்றி இறக்கினாள், வேகமாக. ஒன்றுமில்லை. அவள் இறங்கி வந்து அண்ணன் எதிரில் நின்றாள்.

"சத்தம் நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமை தேசூர் போறேன்."

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "போவக் கூடாது," என்றார்.

"ஏன்?"

அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "மொதலாளிக்குத் தெரிஞ்சா எனக்குப் பாவு வராது. ஒனக்கு ஒரு தறி. எனக்கு மூணு தறி, அஞ்சு வயிறு."

கார்க் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போது எனக்கு அப்பா மேல் கோபம்தான் வந்தது. இப்போது அவர் அன்றிருந்த வயதை நான் தாண்டிவிட்டேன், பாவமாக இருக்கிறது. ஒரு மாதமாக அவரை உறுத்திக்கொண்டிருந்தது காரின் சத்தமே இல்லை. உள்ளே இருந்த பயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, பாவம், ஷாக்கின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்கு அது அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். அவள் சண்டை போடவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்லண்ணா," என்றாள். அவ்வளவுதான்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளிக்குத் தெரிந்தது, கோபித்தார், அப்பாவுக்கு ஒரு பாவை நிறுத்தினார். அந்தத் தறியில் அத்தையின் பட்டு ஏறியது. வானம் இடிந்து விழவில்லை. தீபாவளிக்கு முன் அவரே ஆள் அனுப்பி மறுபடி பாவு கொடுத்தார்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அத்தை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு மட்டம் போட்டு நான் முன்சீட்டில் இருந்தேன். எங்கள் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்கதவைத் திறந்து, மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்து, பெரியதை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எங்கண்ணா?"

"மொதலாளி கேட்டா நானும் போனேன்னு இருக்கட்டும். ஒன்ன மட்டும் தனியா நிக்க வச்சுப் பேசுவாங்க. எடு வண்டிய."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பாலம் முடிந்தது. பின்னாலிருந்து அப்பா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். சேத்துப்பட்டு வரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார், பாலத்தில் வண்டி எப்படிப் போனது என்று, என்னவோ அவரே கண்டுபிடித்துச் சரி செய்த மாதிரி.

தேசூரில் மணப்பெண்ணின் அம்மா கூடத்தில் ஜமக்காளம் விரித்துச் சேலைகளைப் பார்த்தார். முகூர்த்தத்துக்கு ஒன்று எடுக்கக் கூப்பிட்டவர், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அக்கா தங்கைகளையும் கூப்பிட்டுவிட்டார். மூட்டையில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதையும் கல்யாணப் பெண்ணே ஆசைப்பட்டுக் கட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டாள். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலி மூட்டைத் துணியை மடித்து அப்பாவிடம் கொடுத்தபோது அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

சாயங்காலம் திரும்பி வந்தால் எங்கள் வீட்டுப் படியில் போளூர் புரோக்கர். கூட ஓட்டிக்கொண்டு போக ஒரு டிரைவரும். காரைப் பார்த்ததும் நீங்கள் எல்லாம் பள்ளிப் பையோடு ஓடிவந்தீர்கள். நடந்தது தெரியாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

"வாங்க வாங்க," என்று எழுந்தார் புரோக்கர். "சொன்ன மாதிரி வந்துட்டேன். சாவி குடுத்தா கெளம்பிடுவோம்."

அப்பா இறங்கிக் கதவைச் சாத்தினார். "சாவி என்கிட்ட ஏதுங்க? வண்டி என் தங்கச்சிது."

"நீங்கதான விக்கறேன்னு சொன்னீங்க?"

"என்னுதா இருந்தாத்தான நான் விக்கறதுக்கு? அவளக் கேளுங்க."

புரோக்கர் திரும்பினார். அத்தை இன்னும் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"விக்கலீங்க. அவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, ரெண்டு பேரும் ஏறுங்க. பஸ் ஸ்டாண்டுல போளூர் பஸ் ஏத்தி வுட்டுடறேன்."

அந்த மனிதருக்கு வேறு வழியில்லை, ஏறினார். அவர் உட்கார்ந்த வேகத்தில் நீங்கள் எல்லாரும் மேலே விழுந்து ஏறினீர்கள். அவர் மடியில் ஒருத்தி, டிரைவர் தோளில் ஒருவன், டிக்கி நிறைய. தெருவில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தபோது அத்தை வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி ஏறியது, பறந்தது, பஞ்சு போல இறங்கியது. கார் வாயே திறக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தியதெல்லாம் நாம்தான்.